ஓராண்டு பெஞ்ச்: இடம் மாறிய பாயின்ட் கார்டுகளின் கதை

ஒரு மாணவர் படிக்கும் கல்லூரி பிடிக்காமல் வேறு கல்லூரிக்கு மாறுகிறார். என்ன நடக்கும்? டி.சி. வாங்க நாலு தடவை அலைய வேண்டும். புதுக் கல்லூரியில் சில பேப்பர்களைக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும். அவ்வளவுதான். "நீ இடம் மாறி வந்தவன், அதனால் ஒரு வருடம் பாட்டுப் போட்டியில் மேடை ஏறக் கூடாது" என்று யாரும் சொல்வதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து ஆடிய மாணவர்களிடம் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். கல்லூரி மாறினால் ஓராண்டு ஆட முடியாது. வகுப்புக்குப் போகலாம், அணியோடு பயிற்சி செய்யலாம், உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் ஆட்டம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். 2021 வரை இதுதான் பொது விதி. அது எப்படி வந்தது, எப்படிப் போனது, போனதால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று சில வீரர்களின் கதை வழியாகப் பார்ப்போம்.

பாயின்ட் கார்ட் என்பவர் யார்?

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். அதில் பந்தை எதிரணிப் பக்கம் தட்டிக்கொண்டு போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர்தான் பாயின்ட் கார்ட். பயிற்சியாளர் மனதில் இருக்கும் திட்டம் களத்தில் இவர் கையில்தான் இருக்கிறது. உயரமான சென்டர் ஆட்டக்காரர் புது அணிக்குப் போனால் கூடைக்குக் கீழே நின்று தன் வேலையைப் பார்க்கலாம். பாயின்ட் கார்டுக்கு அது முடியாது. மற்ற நாலு பேரும் எந்த இடத்தில் பந்தை விரும்புவார்கள், யார் எப்போது ஓடுவார், யார் தயங்குவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஒரு பாயின்ட் கார்ட் அணி மாறுவது, ஒரு வீட்டின் சமையல்காரர் இன்னொரு வீட்டுக்குப் போவது மாதிரி. அடுப்பு ஒன்றுதான். உப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்!

ஒரே பாதையில் இருவர்

வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கே சியாட்டில் நகரில் இருப்பது வாஷிங்டன் பல்கலைக்கழகம். பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஸ்போக்கேன் நகரில் இருப்பது கொன்சாகா. சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்.

டான் டிக்காவ் 1997 முதல் 1999 வரை வாஷிங்டனில் ஆடிவிட்டு கொன்சாகாவுக்கு மாறினார். 1999-2000 சீசன் முழுவதும் உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு ஆண்டுகள் ஆடினார். 2002ல் நாட்டின் சிறந்த ஐந்து கல்லூரி வீரர்களில் ஒருவராகத் தேர்வானார். அந்த ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் 28வது ஆளாக எடுக்கப்பட்டார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து இன்னொரு பாயின்ட் கார்ட் அதே பாதையில் வந்தார். நைஜல் வில்லியம்ஸ்-காஸ். பள்ளிப் பருவத்திலேயே நாடறிந்த வீரர். வாஷிங்டனில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். அந்த இரண்டு ஆண்டும் அவருடைய அணி தேசியப் போட்டித் தொடருக்குத் தகுதி பெறவே இல்லை. 2015ல் கொன்சாகாவுக்கு மாறினார். 2015-16 சீசன் முழுவதும் பயிற்சி மட்டும்.

2016-17ல் களமிறங்கியதும் கொன்சாகா முதல் 29 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. அந்த அணி அதுவரை ஒருமுறைகூட தேசிய அரையிறுதிக்குப் போனதில்லை. அந்த ஆண்டு அரையிறுதியில் தென் கரோலைனாவை 77-73 என்று வென்றது. வில்லியம்ஸ்-காஸ் மட்டும் 23 புள்ளிகள். 2017 ஏப்ரல் 3 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் வட கரோலைனாவிடம் 71-65 என்று தோற்றது. கடைசிக் கட்டத்தில் அவருக்குக் கணுக்கால் பிசகியது. நொண்டிக்கொண்டே ஆடி முடித்தார்.

அந்த அணியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மிசௌரியிலிருந்து வந்த ஜோனதன் வில்லியம்ஸும் ஓராண்டு உட்கார்ந்துவிட்டு வந்தவர்தான். ஆனால் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஜோர்டன் மேத்யூஸ் ஒரு நாள்கூட உட்காரவில்லை. காரணம், அவர் பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்பு மாணவராக வந்தார். பட்டம் வாங்கியவருக்கு விதியில் விலக்கு இருந்தது. மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் போட்ட மூன்று புள்ளிப் பந்துதான் கொன்சாகாவைக் காப்பாற்றியது.

விதி எங்கிருந்து வந்தது?

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கால்பந்தில் பெரிய கூத்து நடந்தது. இந்த சனிக்கிழமை ஒரு கல்லூரிக்கு ஆடியவர் அடுத்த சனிக்கிழமை வேறு கல்லூரிக்கு ஆடுவார். சிலர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவே மாட்டார்கள்!

புகழ்பெற்ற உதாரணம் ஃபீல்டிங் யோஸ்ட். 1896ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அந்த அக்டோபரில் திடீரென்று லஃபாயெட் கல்லூரி அணியில் தோன்றி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆடினார். பென்சில்வேனியா அதற்கு முன் தொடர்ந்து 36 ஆட்டங்களில் வென்றிருந்தது. அந்தத் தொடர் அன்று முடிந்தது. வேலை முடிந்ததும் யோஸ்ட் தன் பழைய கல்லூரிக்கே திரும்பிவிட்டார். இதே யோஸ்ட் பிற்காலத்தில் மிச்சிகன் அணியின் மாபெரும் பயிற்சியாளராக ஆனார் என்பது தனிக்கதை.

இந்த மாதிரி வாடகை ஆட்டக்காரர்களைத் தடுக்கத்தான், புது இடத்தில் குறிப்பிட்ட காலம் மாணவராக இருந்த பிறகே ஆடலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. 1906ல் தோன்றிய என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கீழ் அது பிற்காலத்தில் ஓராண்டு விதியாக நிலைத்தது. புது இடத்தில் மாணவர் முதலில் படிப்பில் காலூன்றட்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

யாருக்கு மட்டும் இந்த விதி?

ஆனால் படிப்புதான் காரணம் என்றால் எல்லா விளையாட்டுக்கும் ஒரே விதி இருந்திருக்க வேண்டும். இல்லை. நீச்சல் வீரர், டென்னிஸ் வீராங்கனை, கோல்ஃப் ஆடுபவர் எல்லோரும் ஒருமுறை கல்லூரி மாறி உடனே ஆடலாம். கடைசி ஆண்டுகளில் அந்த விலக்கு மறுக்கப்பட்டது ஐந்து விளையாட்டுகளுக்கு மட்டும்: உயர்மட்ட அமெரிக்கக் கால்பந்து, ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி.

பெரும் பணம் புரளும் இரண்டு விளையாட்டுகளும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். ஆண்கள் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்கு மட்டும் 2010ல் 14 ஆண்டுகளுக்கு 1080 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2016ல் அதை 2032 வரை நீட்டித்தபோது மேலும் 880 கோடி டாலர். நீச்சல் வீரருக்குத் தேவைப்படாத "படிப்பில் காலூன்றும் காலம்" கூடைப்பந்து வீரருக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது.

அடுத்தது ஒப்பந்தம். 1973 முதல் கல்லூரிகள் வீரருக்குத் தரும் உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி விரும்பினால் புதுப்பிக்கலாம், விரும்பாவிட்டால் நிறுத்தலாம். 2012 வாக்கில்தான் பல ஆண்டு உதவித்தொகைக்கு மறுபடி அனுமதி வந்தது. அதாவது கல்லூரிக்கு ஓராண்டுப் பொறுப்புதான். விலகும் மாணவருக்கோ ஓராண்டு தண்டனை. ஒரு நிறுவனம் இப்படி ஒரு வேலை ஒப்பந்தம் போட்டால் எந்த ஊழியராவது கையெழுத்துப் போடுவாரா?

இதைவிடப் பெரிய முரண், பயிற்சியாளர்கள். அவர்கள் இந்த ஆண்டு ஒரு கல்லூரி, அடுத்த ஆண்டு இன்னொரு கல்லூரி. அவர்களுக்கு உட்காரும் ஆண்டு கிடையாது. "உன்னை என் மகன் மாதிரி பார்த்துக்கொள்வேன்" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவர் கிளம்பிப் போகலாம். அவரை நம்பி வந்த பையன் கிளம்பினால்தான் குற்றம். அதுவும் 2018 வரை, எந்தக் கல்லூரியோடு பேசலாம் என்பதற்குப் பழைய கல்லூரியின் அனுமதியும் வேண்டும்.

ஒரே இறுதி ஆட்டம், இரண்டு நியாயம்

2021 ஏப்ரல் 5. இண்டியானாபொலிஸ் நகரில் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பெய்லர். மறுபக்கம் 31 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத கொன்சாகா.

பெய்லரின் டேவியன் மிட்செல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு வந்த கார்ட். 2018-19 முழுவதும் உட்கார்ந்திருந்தார். கொன்சாகாவின் ஆண்ட்ரூ நெம்பார்ட் ஃபுளோரிடாவில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு 2020ல் மாறிய பாயின்ட் கார்ட். அவரும் உட்காரத் தயாராகத்தான் வந்தார். ஆனால் சீசன் தொடங்கும் நேரத்தில் என்.சி.ஏ.ஏ. அவருக்குச் சிறப்பு விலக்கு கொடுத்துவிட்டது. உடனே ஆடினார்.

ஆபர்னும் ஃபுளோரிடாவும் ஒரே லீக்கைச் சேர்ந்தவை. அங்கிருந்து இருவரும் மாறினார்கள். ஒருவருக்கு ஓராண்டு போனது, இன்னொருவருக்குப் போகவில்லை. விண்ணப்பத்தை ஓர் அலுவலகக் குழு பார்த்து, இவருக்குச் சரி, அவருக்கு இல்லை என்று முடிவு செய்யும். ஒரே மாதிரிக் காரணம் சொன்ன இரண்டு பேருக்கு இரண்டு விதத் தீர்ப்பு வரும். விதி செத்துக்கொண்டிருந்ததற்கு இதுவே அடையாளம். விலக்குகள் பெருகப் பெருக, விலக்கு கிடைக்காதவருக்கு அது விதியாகத் தெரியாது, துரதிர்ஷ்டமாகத்தான் தெரியும்.

ஆட்டத்தில் என்ன ஆனது? பெய்லர் 86-70 என்று வென்றது. அந்த 86ல் டீக் 19, மிட்செல் 15, ஃபிளாக்லர் 13. மூவருமே வேறு கல்லூரியிலிருந்து வந்து ஓராண்டு உட்கார்ந்தவர்கள். மூவர் சேர்ந்து 47, பாதிக்கும் மேல்!

இதை வைத்து, "பார்த்தீர்களா, உட்கார்ந்ததால்தான் வளர்ந்தார்கள்" என்று வாதிடுபவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆட்டமே இல்லாத ஓர் ஆண்டில் உடம்பைத் தேற்றலாம், கைக்குறையைத் திருத்தலாம், புதுத் தோழர்களைப் படிக்கலாம். பாயின்ட் கார்டுக்கு அது பெரிய வரம். ஆனால் விரும்பியவர் உட்காரலாம் என்பதும், எல்லோரும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பதும் ஒன்றல்லவே.

சுவர் இடிந்தது

2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற கணினிப் பட்டியல் வந்தது. மாற விரும்பும் மாணவர் தன் பெயரை அதில் சேர்க்கச் சொன்னால் போதும், எந்தக் கல்லூரியும் அவரோடு பேசலாம். பழைய கல்லூரியின் அனுமதி தேவையில்லை. 2021 ஏப்ரலில், பெய்லர் வென்ற அதே மாதத்தில், ஒருமுறை மாறுபவர் உட்கார வேண்டாம் என்று என்.சி.ஏ.ஏ. முடிவு செய்தது. 2021 ஜூலையில் விளம்பரம் மூலம் மாணவ வீரர்கள் பணம் சம்பாதிக்கவும் வழி திறந்தது.

இரண்டாம் முறை மாறுபவருக்கு மட்டும் தடை மிச்சமிருந்தது. வாஷிங்டனிலிருந்து மொன்டானா ஸ்டேட் போய், பிறகு மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்த ரேக்வான் பேட்டில் என்ற கார்டுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஏழு மாநிலங்கள் வழக்குப் போட்டன. விதி போட்டிச் சந்தைச் சட்டத்துக்கு எதிரானது என்பது வாதம். 2023 டிசம்பர் 13 அன்று மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. அடுத்த வாரமே பேட்டில் களத்தில் இருந்தார். 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று விதியே மாறிவிட்டது. 1896ல் ஒரு மேற்கு வர்ஜீனியா மாணவரின் ஒரு வார விளையாட்டு எந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமானதோ, அந்தக் கட்டுப்பாட்டின் முடிவும் மேற்கு வர்ஜீனியாவிலேயே எழுதப்பட்டது.

உட்காராமல் வந்தவர்கள்

டிரிஸ்டன் நியூட்டன் மூன்று ஆண்டுகள் ஈஸ்ட் கரோலைனாவில் ஆடியவர். 2022ல் கனெக்டிகட் போனார். உடனே ஆடினார். 2023 இறுதி ஆட்டத்தில் 19 புள்ளிகள், 10 ரீபவுண்ட். 2024 இறுதி ஆட்டத்தில் 20 புள்ளிகள், 7 அசிஸ்ட். இரண்டு ஆண்டும் கனெக்டிகட் சாம்பியன். 2024ல் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அடுத்த ஆண்டு அந்த விருதை வாங்கிய வால்டர் கிளேட்டனும் மாறி வந்தவர்தான். நியூயார்க் மாநிலத்தில் அயோனா என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடினார். 2023 மார்ச்சில் அவருடைய பயிற்சியாளர் ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போய்விட்டார். கிளேட்டனும் கிளம்பினார், ஆனால் குருவின் பின்னால் இல்லை. சொந்த மாநிலமான ஃபுளோரிடாவுக்குப் போனார். பழைய விதி இருந்திருந்தால் பிட்டினோ அந்த நவம்பரிலேயே புது அணியை நடத்தியிருப்பார், கிளேட்டன் ஓராண்டு வேடிக்கை பார்த்திருப்பார்.

2025 ஏப்ரல் 7 அன்று ஹியூஸ்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஃபுளோரிடா ஒரு கட்டத்தில் 12 புள்ளிகள் பின்தங்கியது. மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தது. கடைசி நொடிகளில் ஹியூஸ்டன் வீரர் வெற்றிப் பந்தை எறிய எழும்பியபோது கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்தார். அவர் பந்தை எறிய முடியாமல் நழுவ விட்டார். 65-63. ஃபுளோரிடா சாம்பியன்.

யார் கணக்கில் எழுதுவது?

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதினால் எங்காவது பற்றும் எழுதியாக வேண்டும்.

கிளேட்டனைத் தயார் செய்தது அயோனா. நியூட்டனைத் தயார் செய்தது ஈஸ்ட் கரோலைனா. யாரும் கண்டுகொள்ளாத வயதில் இடம் கொடுத்து, தப்புச் செய்ய விட்டு, ஆட்டக்காரராக ஆக்கிய இடங்கள் அவை. பழம் பழுத்தபோது மரம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. 2025ல் போர்ட்டலில் பெயர் கொடுத்த முதல்நிலை ஆண்கள் கூடைப்பந்து வீரர்கள் 2000க்கும் மேல். மொத்த அணிகளே ஏறக்குறைய 360தான். அந்த ஆண்டு தேசியத் தொடரின் கடைசி 16 அணிகளும் நான்கே நான்கு பெரிய லீக்குகளிலிருந்து வந்தன. ஒரு சிறிய கல்லூரிகூட இல்லை. 2025-26 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம் என்றும் ஆகிவிட்டது. அந்தத் தொகையைச் சிறிய கல்லூரி எங்கே போய்த் தேடும்?

2008ல் டேவிட்சன் என்ற சின்னஞ்சிறு கல்லூரி கடைசி எட்டு வரை வந்து, கான்சஸிடம் 59-57 என்று தோற்றது. அந்த அணியின் நாயகன் ஸ்டீஃபன் கரி. அடுத்த சீசனில் அவரே பாயின்ட் கார்டாக மாறி அதே கல்லூரிக்கு ஆடினார். இன்று ஒரு கரி அப்படி ஆடினால் அடுத்த வாரமே பெரிய கல்லூரிகள் பணப்பையோடு வாசலில் நிற்கும். அவர் தங்கலாம். ஆனால் தங்குவதற்கு இன்று விலை அதிகம்.

அதற்காகப் பழைய விதியே நல்லது என்று சொல்வது தவறு. பழைய விதியில் சிறிய கல்லூரியின் பாதுகாப்புக்கு விலை கொடுத்தவர் 20 வயது மாணவர். அவருடைய வாழ்க்கையில் ஓர் ஆண்டு. அது அவர் கொடுக்க வேண்டிய விலை அல்ல. விதி போனபோது விலை ஒழியவில்லை, கைமாறியது. இப்போது அதைக் கொடுப்பது அயோனாக்களும் ஈஸ்ட் கரோலைனாக்களும்.

உலகக் கால்பந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரர் பெரிய தொகைக்கு வேறு நாட்டு கிளப்புக்குப் போனால், 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை பங்கு போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. வீரரை யாரும் உட்கார வைப்பதில்லை. வாங்குபவர்தான் வளர்த்தவருக்குக் கொடுக்கிறார். அமெரிக்கக் கல்லூரிகளும் வீரரைத் தடுக்காமல், வாங்கும் பெரிய கல்லூரியின் கையிலிருந்தே வளர்த்த கல்லூரிக்கு ஒரு பங்கு போக வழி செய்யலாம். பல கோடி டாலர் புரளும் இடத்தில் அது பெரிய தொகை அல்ல.

வில்லியம்ஸ்-காஸ் 2017ல் நொண்டிக்கொண்டே களத்தை விட்டு வெளியே வந்தார். கொன்சாகாவுக்கு அவர் ஆடியது அந்த ஒரே சீசன்தான். அந்த ஒரு சீசனுக்காக ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தார். இன்று அவர் மாதிரி யாரும் உட்கார வேண்டியதில்லை. அது நல்லதுதான். அவர் உட்கார்ந்த பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருப்பது சிறிய கல்லூரிகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.